கெட்ட மந்திரி

தோ பாயோ சமூக மன்றம், மூன்றாம் மாடி.
தரையில் பூப்பந்துக் கோடுகள்.
அவற்றின்மேல் நாற்பது மேசைகள்,
கோட்டுக்கு உள்ளே சில, வெளியே சில.
ஐந்தாம் சுற்று. பலகை பதினேழு.
எனக்குக் கறுப்பு.

பட்டியலில்
கமலவேணி டி ஓ குப்புசாமிக்கு நேரே
தியோ வெய் ஷுவான்.
தேசிய சேவைக்கு மழித்த தலை
இன்னும் சரியாக வளரவில்லை.
ரத்த வங்கியின் இரவுப்பணி முடிந்து
நேரே வந்திருந்தேன்.
எத்தனை கழுவினாலும் போகாத ஸ்பிரிட் வாடை
அவனுக்கும் எட்டியிருக்கும்.
மூக்கைச் சுளிக்கவில்லை. நல்ல பையன்.

ராஜாவின் முன் நின்ற சிப்பாயை
அவன் இரண்டு கட்டம் தள்ளினான்.
நான் ஒரே கட்டம்.
பிரெஞ்சுத் தடுப்பு.
பிரான்சுக்குப் போனதில்லை,
பதினாறு வருடமாக இதைத்தான் ஆடுகிறேன்.
இதில் ஒரு சங்கடம்:
நாமே வைத்த சிப்பாய்
நம் மந்திரியின் வாசலை அடைத்துவிடும்.
வெள்ளைக் கட்டத்து மந்திரி.
ஆட்டப் புத்தகங்கள் அதற்கு வைத்த பேரே
கெட்ட மந்திரி.
பாவம், ஒரு கெடுதலும் செய்ததில்லை அது.
சும்மா நிற்கிறது, அவ்வளவுதான்.

அவன் முன்னேறி நெருக்கினான்.
நான் பக்கவாட்டில் இடித்தேன்.
என் ராணி பி-ஆறில் போய் உட்கார்ந்தாள்.
அவன் மந்திரி டி-மூன்றில்.
இரண்டு சிப்பாய்கள் வெட்டுப்பட்டு ஓய்ந்தபோது
நட்டநடுவே, டி-நான்கில்,
அவனுடைய சிப்பாய் ஒன்று
ஒற்றைக் காவலோடு நின்றது.

கை குதிரைக்குப் போனது.
போன கை பாதியில் நின்றது.
தொட்டால் ஆடியாக வேண்டும், அது சட்டம்.
குதிரைக்கும் விரலுக்கும் இடையே
பப்பாளி விதையளவு காற்று.
பையன் பலகையைப் பார்க்கவில்லை.
கூரையில் ஓடாத மின்விசிறிகளை
எண்ணிக்கொண்டிருந்தான்.
அவ்வளவு அலட்சியம் யாருக்கும் தானாக வராது.

அப்போதுதான் தெரிந்தது.
என் குதிரை வெட்டும், அவன் குதிரை வெட்டும்,
என் ராணி ஆசையாய் வந்து வெட்டுவாள்.
அவன் மந்திரி விலகிப் போய்
பி-ஐந்தில் நின்று செக் சொல்லும்.
அது விலகிய வாசல் வழியே
அவன் ராணி என் ராணியைப் பார்ப்பாள்.

கையை எடுத்து ஸ்வெட்டர் பைக்குள் போட்டேன்.
குளிர்சாதனம் பதினெட்டில்.
பிறகு மந்திரியை நகர்த்தினேன்.
சி-எட்டிலிருந்து டி-ஏழு. ஒரே கட்டம்.
பார்ப்பவர்க்கு அது ஒரு நகர்வே இல்லை,
பேருந்தில் யாரோ ஏற
கொஞ்சம் ஒதுங்கிக்கொடுப்பதுபோல.

அவன் கோட்டை கட்டினான்.
இப்போது வெட்டினேன் அந்தச் சிப்பாயை.
செக் வரும் வழியில்
கெட்டது நின்றுகொண்டிருந்தது.

அதன்பின் மூன்று மணி நேரம் அடி வாங்கினேன்.
கீழ்த்தளத்துக் கரவோக்கேயில் யாரோ
ஒரே வரியில் திரும்பத் திரும்ப வழுக்கினார்கள்.
மழை வந்து, நின்று, மறுபடி வந்தது.
வாங்கிவைத்த கோப்பி ஓ மேல் ஆடை படிந்தது.
குதிரைகள் போயின. ராணிகள் போனார்கள்.
யானைகளும் போயின.
டி-ஏழில் நின்றது நின்றபடி.

நாற்பத்தாறாம் நகர்வில் கிளம்பியது.
டி-ஏழிலிருந்து ஏ-நான்கு, ஒரே மூச்சு.
அங்கிருந்து பார்த்தால் டி-ஒன்று தெரியும்:
என் சிப்பாய் ராணியாகப் போகும் வீடு,
அதுவும் வெள்ளைக் கட்டம்.
அவன் ராஜா ஓடி வந்தார். ஈ-இரண்டு வரை.
பக்கத்துக் கட்டம்தான்.
கால் வைக்க முடியாது.
கடிகாரத்தை நிறுத்திக் கை நீட்டினான்.

பக்கத்து அறையில் காய்களை மறுபடி அடுக்கினோம்.
மந்திரியைச் சுண்டி
"இந்த யானைதான் என்னைக் கொன்றது" என்றான்.
அவன் வீட்டில் அதற்குப் பேர் யானையாம்.
என் வீட்டில் மூலையில் நிற்பதுதான் யானை.
அவன் அதைத் தேர் என்கிறான்.
இவ்வளவு நேரம் நாங்கள் ஆடியது
ஒரே ஆட்டம்தானா?
குதிரை மட்டும் இருவருக்கும் குதிரை.
அதைத் தொடாமல் விட்டதில்தான்
நான் பிழைத்தேன்.

ஆறாம் சுற்றுப் பட்டியலை ஒட்டிவிட்டார்கள்.
எனக்கு வெள்ளை.
அடைக்க யாரும் இல்லாத வாசலோடு
என்ன செய்வதென்று
எனக்கு எப்போதும் தெரிந்ததில்லை.